கயாக் மீன்பிடிக் கையேடு: காற்றில்லாத கடலில் வரும் அலைக்கு ஒரு சொல் வேண்டும்

பொள்ளாச்சி, கையேட்டுத் தொகுப்பாளர்

குழுமத்தாருக்கு வணக்கம்.

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகைக் கார்க்கூரையில் கட்டிக்கொண்டு கேரளத்துப் பொன்னானிக்கும் தூத்துக்குடிக்கும் தூண்டில் போடச் செல்லும் நம் பகுதி இளைஞர்களுக்கான பாதுகாப்புக் கையேடு வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஓர் இயல் மட்டும் முடியாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘சுவெல்’ எனப்படும் அலைக்கு, அதாவது எங்கோ தொலைவில் அடித்த புயலால் எழுந்து, அந்தக் காற்று நின்ற பின்னும் பயணம் செய்து நம் கரைக்கு வரும் அலைக்கு, நிலைத்த தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. செய்தித்தாள்கள் எழுதும் ‘கடல் சீற்றம்’ இதற்குப் பொருந்தாது. சீற்றமே தெரியாத கடலில்தான் இது வருகிறது.

கொங்கு நாட்டார் காற்றை அறிந்தவர்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றோடு வளர்ந்தவர்கள். அதனாலேயே காற்று அடங்கியிருந்தால் தண்ணீரும் அடங்கியிருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குளத்துக்கும் அணைக்கும் அது சரி, கடலுக்குச் சரியன்று. ஆகவே ‘இது இங்குள்ள காற்றால் எழுந்ததன்று’ என்பதைச் சொல்லே உணர்த்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மணி, புதுச்சொல் தேவையில்லை என்பது என் துணிபு. இருக்கும் இரு சொற்களைப் பிரித்து ஆண்டாலே போதும்.

திரைதல் என்றால் சுருங்குதல், மடிதல். பால் திரைகிறது, முதுமையில் தோல் திரைகிறது, ‘நரை, திரை’ என்று சேர்த்தே சொல்கிறோம். அந்தந்த இடத்துக் காற்று நீரின் மேல் எழுப்பும் சுருக்கமே திரை. அலை என்பதோ அலைதல் வினையின் முதனிலைத் தொழிற்பெயர். ஓரிடத்தில் நில்லாமல் நெடுந்தொலைவு அலைந்து வருவது அலை. இன்னும் உள்ளே சென்றால், அலமரல் என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சுழற்சி என்று பொருள் கூறுகிறது. ஆழ்கடலில் அலை கடக்கும்போது நீர் அலையோடு முன்னேறுவதில்லை, இருந்த இடத்திலேயே வட்டமாகச் சுழல்கிறது என்று இயற்பியலார் கூறுவதும் இதுவே. அலையும் அலமரலும் ஒரே வேரினவாயின், இவ்வுண்மையை அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

எனவே காற்றால் எழுவது திரை. தொலைவிலிருந்து வருவது அலை. ஓதம் என்னும் சொல்லை மட்டும் தொட வேண்டா. பாடநூல்கள் அதைக் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு வழங்கிவிட்டன, நம் ஊரிலோ மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஈரத்துக்குத்தான் அப்பெயர்.

கோவை, கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர்

ஐயா, வட்டச் சுழற்சி பற்றித் தாங்கள் எழுதியது சரியே. ஆயினும் எல்லாவற்றையும் அலை என்றே அழைத்துப் பழகியவரிடம், இனி ஒரு வகை மட்டுமே அலை என்று கடற்கரையில் நின்று கற்பிக்க இயலாது. திரை என்றால் அவருக்குத் திரையரங்கும் தொடுதிரையுமே நினைவுக்கு வரும்.

இவ்வலையின் சிறப்பு அதன் நீளம். அடுத்தடுத்த இரு முகடுகள் ஓரிடத்தைக் கடக்கும் இடைநேரத்தை நொடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7 நொடி அலைக்கு ஏறத்தாழ 76 மீட்டர். 16 நொடி அலைக்கு ஏறத்தாழ 400 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரு மீட்டர்தான் என்றாலும், 16 நொடி அலை ஆழத்தில் கயாக்கைத் தூக்கி இறக்குவதே தெரியாது. அதே அலை கரையை நெருங்கி ஆழம் குறையும்போது வேகம் குறைந்து, உயரம் கூடி, தன் ஆற்றல் முழுவதையும் கொட்டி உடைகிறது. ஆகவே ‘நெடுவலை’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன்.

ஈரோடு, தமிழாசிரியர்

நெடுவலை என்றால் நீண்ட மீன்வலை என்றுதான் படிப்பார்கள். மீன்பிடிக் கையேட்டில் அது பெரும் குழப்பம். நெடுமையோடு இலை சேர்ந்து நெட்டிலை ஆவதுபோல், நன்னூல் 136-ஆம் நூற்பாவின்படி ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டி ‘நெட்டலை’ என்று வருவதே முறை. வீங்கலை, பொங்கலை என்று சிலர் எனக்குத் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். முன்னது பேச்சில் ‘வீங்கவில்லை’ என்றாகிவிடும். பின்னது பொங்கல் என்பதன் இரண்டாம் வேற்றுமை. இரண்டும் வேண்டா.

திருப்பூர், கயாக் பயிற்றுநர்

இலக்கணம் எனக்குத் தெரியாது. கடற்கரையில் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கம் நெட்டை என்றால் உயரம். நெட்டலை என்று படித்தவர் உயரமான அலையைத் தேடுவார்; கடல் தட்டையாகத் தெரிந்தவுடன் நெட்டலை இல்லை என்று படகைத் தள்ளிவிடுவார். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு நெடுநேரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் இறங்கியவர், அடுத்த கூட்டம் வரும்போது அலை உடையும் இடத்தின் நடுவில் இருப்பார். அதனால்தான் படகை இறக்குவதற்கு முன் குறைந்தது இருபது நிமிடம் கரையில் நின்று, மிகப் பெரிய அலை எங்கே உடைகிறது என்று பார்க்கச் சொல்கிறோம். புறப்படுவதைவிடத் திரும்பிக் கரையேறுவது கடினம். அலை முதுகுக்குப் பின்னால் வரும், படகு பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்த்துவிடும்.

நான் கேட்பது ‘கள்ளக்கடல்’. கள்ளனைப்போல் வரும் கடல் என்னும் பொருளில் கேரள மீனவர் வழங்கும் சொல். 2012-இல் யுனெஸ்கோவும் அதை ஏற்றது. கள்ளனும் கடலும் தமிழ்தானே? 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. அந்தச் சொல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

கோவை, இயற்பியல்

கள்ளக்கடல் கையேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்களிலிருந்து வரும் அலை கரையேறிப் புகும் நிகழ்வுக்கே அது பெயர். பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் அது நிகழ்கிறது. முக்கால் மீட்டர் உயரத்தில் நாள்தோறும் வரும் எளிய அலையையும் அதே பெயரால் அழைத்தால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் எவரும் பொருட்படுத்த மாட்டார். 16 நொடி அலைக்கூட்டம் நாளொன்றுக்கு 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. அதனால்தான் ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையத்தால் சில நாள் முன்னரே அறிவிக்க முடிகிறது.

உடுமலை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

கடல்நிலை காட்டும் கைப்பேசிச் செயலி ‘சுவெல்’ என்றுதான் காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் கயாக்கில் செல்பவர் முடிவெடுக்கப் போகிறார். அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். உயிர் சார்ந்த இடத்தில் தூய்மை இரண்டாவதாகவே வர வேண்டும்.

ஈரோடு, தமிழாசிரியர்

உயிர் சார்ந்த இடம் என்பதனாலேயே விளங்கும் சொல் வேண்டும் என்கிறேன். சுவெல் என்னும் ஒலி தமிழனுக்கு எதையும் காட்டுவதில்லை. செயலி அருகில் இல்லாதபோது அது வெற்றொலி. தொலைவே இதன் இலக்கணம் என்றால் சேய்மையிலிருந்து ‘சேயலை’ என்று ஆக்கலாம். பெரியசாமித் தூரன் நம் கொங்கு மண்ணிலிருந்து சென்று தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தார். அறிவியலைத் தமிழில் எழுத முடியும் என்பதை அத்தொகுதிகள் காட்டியபின் நாம் ஒலிபெயர்ப்பில் ஒதுங்குவது எனக்கு வருத்தமளிக்கிறது.

திருப்பூர், கயாக் பயிற்றுநர்

சேயலை என்றால் சேய், குழந்தை, சிறிய அலை என்று எண்ணிவிடுவார்கள் ஐயா. ‘தூரத்து அலை’ என்று நேராகச் சொல்லக் கூடாதா? நேற்று மாலை வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கேட்டார்கள்.

பொள்ளாச்சி, தொகுப்பாளர்

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையினர் ‘தூரத்து அலை’ என்பதை ஏற்றுத் தனிமடல் அனுப்பியிருப்பதால் அதுவே அச்சேறுகிறது. முதல் இடத்தில் மட்டும் ‘செயலியில் சுவெல் என்று வருவது’ என்ற குறிப்பு இருக்கும். இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை ‘அலை இடைநேரம்’ என்றே எழுதிவிட்டேன். அதற்கு மறுப்பு வரவில்லை. உயரம், இடைநேரம், திசை ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதைத் தனிப் பெட்டியில் போடுகிறேன். செயலி காட்டும் உயரம், அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான், தனி அலை அதைப்போல் இரு மடங்குவரை எழலாம் என்பதும் அதில் உண்டு. திசைக்கு எடுத்துக்காட்டாக, தெற்கிலிருந்து வரும் அலையை இலங்கை மறிப்பதால் பாக் நீரிணைப் பகுதி அடங்கியிருக்கும் நாளிலும் மன்னார் வளைகுடா அப்படி இராது என்பதைச் சேர்த்துள்ளேன்.

ஈரோடு, தமிழாசிரியர்

தூரம் வடசொல். சேய்மையும் தொலைவும் இருக்க அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்க. கெடுவைக் கருதி இவ்வச்சுக்கு மட்டும் தடை சொல்லவில்லை.

உடுமலை, மொழிபெயர்ப்பாளர்

மெய்ப்பு பார்த்தேன். உள்ளூர்க் காற்றால் எழும் அலையைக் ‘காற்றலை’ என்று எழுதியிருந்தீர்கள். எழுத்துக்கோப்பவர் அதை எல்லா இடத்திலும் ‘காற்றாலை’ என்று திருத்திவிட்டார். எங்கள் பக்கம் திரும்பிய திசையெல்லாம் காற்றாலை நிற்பதால் அவர் கண்ணுக்கு அதுவே சரியாகப் பட்டிருக்கிறது. வாசகருக்கும் அப்படியே படும். ‘காற்றெழு அலை’ என்று மாற்றலாமா? இன்று இரவுக்குள் சொன்னால் திருத்திவிடலாம்.