கொலும்பா நாடு விட்டுப் போனது ஒரு புத்தகத்துக்காகவா?

தாழ்வாரம்: தன் ஆசான் ஃபின்னியனின் சங்கீதப் புத்தகத்தை (பைபிளின் துதிப்பாடல்கள்) அயர்லாந்துத் துறவி கொலும்பா இரவில் திருட்டுத்தனமாகப் படியெடுத்தார். "பசுவுக்கு அதன் கன்று, நூலுக்கு அதன் படி" என்று, படியும் ஃபின்னியனுக்கே என அயர்லாந்து அரசன் டியார்மட் தீர்ப்புச் சொன்னான். அதனால் 561இல் கூல் ட்ரெம்னே போர் மூண்டது. 563இல் கொலும்பா கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனார், ஸ்காட்லாந்துக் கரையோரத் தீவில் அயோனா மடம் பிறந்தது. உலகின் முதல் பதிப்புரிமை வழக்கு! அந்தப் படிதான் இன்று டப்ளினில் இருக்கும் கத்தாக் என்னும் தோல் ஏட்டுச்சுவடி. நம்பாமல் என்ன செய்வது?

பழுப்புத்தாள்: நம்பாமல் இருக்கலாம். தீர்ப்புக் கதையை விரிவாகச் சொல்வது மானுஸ் ஓ'டொனல் 1532இல் முடித்த வரலாறு. போர் நடந்து 971 ஆண்டுகள் ஆன பிறகு! அவரும் கொலும்பாவின் கிளையினர். கத்தாக்கைப் போர்க்களத்துக்குச் சுமந்து சென்ற குடும்பம். தங்கள் வீட்டுப் பொருளுக்கு அவர்களே எழுதிய தலபுராணம் ஐயா இது.

தாழ்வாரம்: பிந்தி எழுதியதெல்லாம் பொய்யாகிவிடாது. திருச்சபை மன்றம் கூடிக் கொலும்பாவைச் சபையிலிருந்து விலக்கியதை அயோனாவின் மடாதிபதி அடோம்னானே எழுதியிருக்கிறார். நெருப்பில்லாமல் புகையுமா?

பழுப்புத்தாள்: புகைந்தது, ஆனால் புத்தகத்தால் என்று யார் சொன்னது? அற்பமான, மன்னிக்கத்தக்க காரணம் என்பதோடு அடோம்னான் நிறுத்திக்கொள்கிறார். அதே நூலில் டியார்மட்டை இறைவன் நியமித்த அயர்லாந்து அரசன் என்று புகழ்ந்து, அவனைக் கொன்ற ஏட் டுவைக் கடிந்துரைக்கிறார். அநியாயத் தீர்ப்புச் சொன்னவனுக்கா இந்த மரியாதை? போரில் டியார்மட்டை வென்றவர்களைப் பாருங்கள்: கொலும்பாவின் உறவினன் ஐன்மிரே, மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் அரசன் ஏட் (இவன் வேறு ஏட்). கொலும்பாவிடம் தஞ்சம் புகுந்த ஏடின் மகன் கர்னானை டியார்மட் கொன்றான் என்கிறது ஆண்டுக்குறிப்பு மரபு. அடைக்கலம் வந்தவனைக் கொன்றால் படை திரளும். தோல் ஏட்டுக்காக எந்த அரசன் வாளெடுப்பான்?

கடலோரத்தான்: இருவரும் கத்தாக்கின் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? சங்கீதத்தின் முதலெழுத்து சுருள் சுருளாக விரிகிறது. அடுத்த எழுத்து சற்றுச் சிறிது, அதற்கடுத்தது இன்னும் சிறிது. படிக்கட்டு இறங்குவதுபோல் வரி இயல்பான அளவுக்கு வருகிறது. பிடிபடுவோமோ என்று பதறியவன் கை இப்படியா எழுதும்?

தாழ்வாரம்: பழகிய கை பதற்றத்திலும் அழகாகத்தான் எழுதும்.

கடலோரத்தான்: 150 சங்கீதங்களில் 30 முதல் 105 வரை மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அதற்கே 58 தாள்கள். எத்தனை இரவுகள் ஃபின்னியன் தூங்கினார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.