ஃபூஜேர் வாசனைக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

நறுமணப் பொருட்களுக்கான நம் சொற்பட்டியலில் ‘ஃபூஜேர்’ இன்னும் வெறும் எழுத்துப்பெயர்ப்பாகவே கிடக்கிறது. ஆண்களுக்கென்று விற்கும் செண்டுகளில் இது ஒரு பெரிய குடும்பம். இதற்குத் தமிழில் பெயர் இல்லாததால், எழுதுகிறவர்கள் ‘மரமும் மசாலாவும் கலந்த லாவெண்டர் வாசனை’ என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லுக்குப் போகுமுன் பொருளை ஒருமுறை முகர்ந்துவிடுவோம். எடுத்துக்காட்டுக்கு அசாரோ பூர் ஓம், 1978-இல் வந்த பிரெஞ்சு செண்டு. தெளித்தவுடன் மூக்கில் ஏறுவது சோம்பு. கூடவே எலுமிச்சைத் தோலும் லாவெண்டரும். லாவெண்டரைத் தனியாக விட்டால் சோப்புப் பெட்டியைத் திறந்தது போலத்தான் இருக்கும். இங்கே சோம்பு அதன் காதைத் திருகி ஒரு காரத்தைக் கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏலக்காய் தலைகாட்டும். அப்புறம் சந்தனம், வெட்டிவேர், பச்சோலி. மறுநாள் துவைக்கப் போடும்போது சட்டைக் காலரை முகர்ந்து பாருங்கள்: டோங்கா என்ற தென்னமெரிக்க மரத்து விதையின் இனிப்பும், ஈர மரப்பட்டை போன்ற ஒரு கசப்பும் மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் இந்த செண்டு வெறும் மிட்டாய்.

குடும்பத்துக்குப் பெயர் வந்தது 1882-இல். பாரிஸின் ஹூபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்க்கே ‘ஃபூஜேர் ரோயால்’ என்றொரு செண்டைச் செய்தார். ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணிச் செடி, ஆங்கிலத்தில் ஃபெர்ன். பெரணியில் மணம் என்று சொல்ல எதுவும் இல்லை. பூவே இல்லாத செடி அது. ஆக, இல்லாத ஒரு வாசனைக்குப் பார்க்கே பெயர் வைத்தார். அவர் கையில் இருந்த புதுச் சரக்கு கூமரின், டோங்கா விதையின் வாசனைக்குக் காரணமான பொருள். 1856-இல் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்க்கின்தான் 1868-இல் கூமரினையும் ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டினார். வெள்ளைப் படிகம், அறுத்த புல் காயும்போது வருகிற வாசனை, கொஞ்சம் பாதாம் சாயலோடு. லாவெண்டர், கூமரின், ஓக் மரத்துப் பாசி மூன்றையும் பார்க்கே சேர்த்த விதம்தான் இன்றுவரை இந்தக் குடும்பத்தின் எலும்புக்கூடு. ஏழாண்டு கழித்து 1889-இல் கெர்லேன் நிறுவனத்தின் ‘ஜிக்கி’ அதே வழியில் வந்தது.

என் முன்மொழிவுகள்: பெரணிமணம், பெரணியம், சோலைமணம். மூன்றாவதின் மேல் எனக்கு ஆசை அதிகம். நீலகிரிச் சோலைக்காட்டுக்குள் நுழைந்தால் மரப்பெரணியும், கிளை முழுக்கப் பாசியும், ஈர மண்ணும்தான். பார்க்கே கற்பனை செய்த இடம் நம் ஊரில் நிஜமாகவே இருக்கிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

——

ஐயா, வணக்கம்.

இலங்கையில் நாங்கள் பள்ளியில் இந்தச் செடியைப் படித்தது ‘பன்னம்’ என்று. பெரணி என்றால் இங்கே பலருக்கு விளங்காது. இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் எடுப்பதென்றால் முதலில் அதை யோசிக்க வேண்டும்.

சோலைமணம் வேண்டாம் என்பது என் எண்ணம். சோலை என்றதும் எங்கள் ஆட்களுக்கு மாஞ்சோலை, பூஞ்சோலைதான் நினைவுக்கு வரும். மல்லிகை செண்டு என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். நீலகிரிச் சோலையைப் பார்த்தவர்களுக்கு மட்டும் விளங்கும் சொல் மற்றவர்களுக்கு என்ன செய்யும்?

கூமரின் பற்றி ஒரு சேதி. அது டோங்கா விதையில் மட்டும் இல்லை. கடைகளில் பட்டை என்று கிடைக்கும் கேசியாவில் நிறையவே உண்டு. எங்கள் கறுவாவில் மிகக் குறைவு. அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு என்றுதான் ஐரோப்பாவில் உணவில் அதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த வாசனை நம்முடைய சமையலறைக்கு முற்றிலும் அந்நியம் இல்லை என்று சொல்ல வந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

——

அண்ணா,

பெரணியம் வேண்டவே வேண்டாம். கால்சியம், பொட்டாசியம், பெரணியம் என்று பத்தாம் வகுப்புப் பையன் தனிம அட்டவணையில் தேடுவான். யுரேனியத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. இல்லாவிட்டால் பெரணி என்று ஒரு தத்துவ ஞானி இருந்தார், அவருடைய கொள்கை பெரணியம் என்று நினைப்பார்கள்.

ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? ‘சலூன் வாசம்’ என்று வைத்தால் என்ன? நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த ஆணிடமும் புரூட் என்ற செண்டு பாட்டிலைத் திறந்து நீட்டுங்கள், ‘சலூன்’ என்றுதான் சொல்வார். வெளிநாட்டுக்காரர்களும் இதை முடிதிருத்தும் கடை வாசனை என்றே சொல்கிறார்கள். சவர சோப்பு, சவரத்துக்குப் பின் தடவும் லோஷன் எல்லாம் இந்த வாசனையில்தான் வந்தன. பர்மா பஜாரில் வாங்கியதோ, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்ததோ, அந்தப் பச்சை பாட்டில் பல வீட்டு அலமாரியில் இருந்தது.

இன்னொன்று. பல பொருட்கள் சேர்ந்து ஒரே வாசனையாக நிற்பதை அக்கார்ட் என்கிறார்களே, அதற்கும் இந்த இழையிலேயே ஒரு சொல் முடிவு செய்துவிடலாம். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் ‘ஐந்து விரை’ வருகிறது. விரை என்று எடுத்துக்கொள்ளலாமே?

கோவையிலிருந்து

——

அன்புள்ள இருவருக்கும், மற்ற நண்பர்களுக்கும்,

முதலில் விரை. பழைய, அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் விரைவீக்கம் என்ற நோயின் பெயர் தெரிந்த ஊரில், ஆண்களுக்கான செண்டை ‘விரை’ என்று விற்கச் சொல்கிறீர்களே தம்பி! கடைக்காரர் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். விட்டுவிடுவோம்.

சோலைமணத்தைக் கைவிடுகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன பூஞ்சோலைக் குழப்பம் நியாயமானது. பெரணியமும் போகட்டும், தனிம அட்டவணையில் இடம் இல்லை.

சலூன் வாசத்தை ஒரேயடியாகத் தள்ள மனம் வரவில்லை. பேச்சில் அதுவே நிற்கட்டும், நானும் அப்படித்தான் சொல்வேன். கலைச்சொல்லாக வைத்தால்தான் சிக்கல். நம் சலூன் வாசனையில் பாதி டால்கம் பவுடரும் படிகாரக் கட்டியும். அதோடு 1964-இல் வந்த புரூட்டுக்குப் பொருந்துகிற பெயர் 1988-இல் வந்த கூல் வாட்டருக்குப் பொருந்துமா? அதையும் இந்தக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். அதை முகர்ந்தவர் கடற்காற்று என்பார், சலூன் என்று சொல்லமாட்டார். நடுவில் 1982-இல் வந்த திராக்கார் நுவார் இரண்டுக்கும் பாலம் மாதிரி: அடியில் பழைய பாசி, மேலே அப்போதுதான் துவைத்து உலர்த்திய துணி போன்ற ஒரு கூர்மை. அந்தக் கூர்மைக்குக் காரணம் டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருள். குடும்பம் இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும்போது, ஒரு காலத்துக் கடையின் பெயரை அதன் கழுத்தில் கட்டக் கூடாது.

லாவெண்டரை வைத்துப் பெயர் அமைக்கலாம் என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் சரிப்படாது. யார்ட்லி லாவெண்டர் பவுடர் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அது லாவெண்டர், ஃபூஜேர் அல்ல. 1934-இல் கரோன் நிறுவனம் கொண்டுவந்த ‘பூர் அன் ஓம்’ லாவெண்டரையும் வனிலாவையும் வைத்து எழுப்பியது. அருமையான செண்டு, என்னைக் கேட்டால் லாவெண்டரை அவ்வளவு மென்மையாக யாரும் கையாளவில்லை. ஆனால் பாசியின் கசப்பு அதில் முன்னுக்கு வருவதில்லை. அதனால் கறாராகப் பார்ப்பவர்கள் அதை இந்தக் குடும்பத்தின் ஓரத்தில்தான் உட்கார வைப்பார்கள்.

லாவெண்டர் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு வேதிப்பொருட்கள். இரண்டும் சீக்கிரம் ஆவியாகிப் போகிறவை. சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரம். கூமரினும் பாசியும் கனமானவை, தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க இருப்பவை. இவை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், முதல் பத்து நிமிடம் சோப்பு, அதற்குப் பிறகு வைக்கோல் என்று இரண்டு துண்டாக வாசம் வரும். பார்க்கே வழியில் வந்தவர்கள் நடுவில் ஜெரேனியம் செடியின் எண்ணெயை வைத்துத் தைத்தார்கள். அசாரோவில் அந்தத் தையலைச் சோம்பும் ஏலக்காயும் செய்கின்றன. லாவெண்டர் எப்போது போனது, டோங்கா எப்போது வந்தது என்று உங்களால் கோடு கிழிக்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்று கரைகிற அந்த ஏற்பாட்டைத்தான் பெயர் சொல்ல வேண்டும். செடியின் பெயர் வாசலில் மாட்டிய பலகை மட்டுமே, அதுவும் பொய்ப் பலகை.

ஆகவே சொல்லின் பளு ‘கூட்டு’ என்பதில் விழட்டும் என்கிறேன். அக்கார்டுக்கு மணக்கூட்டு. ஃபூஜேருக்குப் பெரணிக்கூட்டு.

சிரிக்கப் போகிறீர்கள், தெரியும். புடலங்காய்க் கூட்டு, பூசணிக் கூட்டு, பெரணிக் கூட்டு என்று சாப்பாட்டு இலையில் வைத்துவிடுவார்கள் என்று. ஆனால் மளிகைக் கடையில் டப்பாவின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது? கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினோடு மாவும் கோந்தும் சேர்த்த கலவைக்கு அந்தப் பெயர் எந்தக் குழுவும் உட்கார்ந்து விவாதிக்காமலே வந்து நிலைத்துவிட்டது. வேதியியலில் கூட்டுப்பொருள் இருக்கிறது. பலதைச் சேர்த்து ஒன்றாக்குவது என்ற பொருள் கூட்டுக்கு இயல்பாகவே உண்டு. சமையலறை நினைவு வந்தால் வரட்டும். சோம்பும் ஏலக்காயும் இருக்கிற செண்டுக்கு அது ஒன்றும் அவமானம் இல்லை.

பெரணியா பன்னமா என்பதில் நான் சண்டை போடத் தயாராக இல்லை. பன்னம் என்பது பர்ணம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது, பன்னசாலை என்பது போல, அதனால் தனித்தமிழ் ஆகாது என்று இங்கே ஒருவர் கட்டாயம் எழுதுவார். எழுதட்டும். அங்கே மூன்று தலைமுறை மாணவர்கள் படித்த சொல்லை நாம் இங்கிருந்து அடித்துத் திருத்துவது முறையில்லை. பட்டியலில் பெரணிக்கூட்டு, பன்னக்கூட்டு இரண்டும் இருக்கட்டும். கூட்டு பொதுவாக இருப்பதால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

இனி அந்தப் பாசி. இதை ஏன் கடைசிக்கு வைத்தேன் என்றால், மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஓக் பாசி என்று பெயரே தவிர அது வெறும் பாசி இல்லை. எவர்னியா ப்ருனாஸ்ட்ரி என்ற லைக்கென். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர். பால்கன் நாடுகளில் ஓக் மரக் கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்து, கரைப்பானில் ஊறவைத்துச் சத்தைப் பிரிக்கிறார்கள். கரும்பச்சையாக, பிசுபிசுவென்று இருக்கும் அந்தச் சத்தில் மழை நின்ற காட்டின் வாடையும், மை வாடையும், கொஞ்சம் தோல் வாடையும் உண்டு.

இதற்குத் தமிழில் சொல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் லைக்கென்தான். அதையும் நாம் பாசி என்றே சொல்கிறோம். கல்பாசியை அப்படியே முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழைய புத்தக அலமாரி மாதிரி லேசாக ஒரு வாடை. சூடான எண்ணெயில் விழுந்த நொடியில் அதிலிருந்து ஒரு மரப்புகை வாசம் எழும்புமே, அதை நினைத்துக்கொண்டு அசாரோ தெளித்த சட்டையை மறுநாள் முகர்ந்து பாருங்கள். ஒன்றே என்று சொல்லமாட்டேன், ஆனால் பங்காளிகள். எனவே கல்பாசிக்கு ஜோடியாக இதற்கு மரப்பாசி என்று வைப்போம். ஓக் மரத்தின் பெயர் தேவையான இடத்தில் ஓக் மரப்பாசி என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லுக்கு அவசரமும் உண்டு. ஓக் மரப்பாசியில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் தோலில் ஒவ்வாமை தருகின்றன என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்தது. 2019 ஆகஸ்டு முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் பொருட்களில் இருக்கக் கூடாது, 2021 ஆகஸ்டு முதல் எதிலுமே கூடாது. அதனால் இப்போது அந்த இரண்டையும் நீக்கிய பாசிச் சத்தையோ, செயற்கை மாற்றையோதான் பயன்படுத்துகிறார்கள். பழைய பாட்டிலும் புதிய பாட்டிலும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று செண்டு பிரியர்கள் புலம்பும்போதெல்லாம் இந்தப் பாசிதான் நடுவில் நிற்கும். அதைத் தமிழில் எழுத ஒரு சொல் வேண்டுமே.

பட்டியலுக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

பெரணிக்கூட்டு (ஈழ வழக்கு: பன்னக்கூட்டு): லாவெண்டர், கூமரின், மரப்பாசி மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட மணக்கூட்டு, அதன்மேல் அமைந்த செண்டு வகை. பேச்சு வழக்கில் சலூன் வாசம். பெயர் 1882-இல் வந்த ஃபூஜேர் ரோயாலிலிருந்து. பெரணிச் செடி இதில் சேர்வதில்லை.

கடைசி வரி அவசியம். இல்லாவிட்டால் யாராவது பெரணி இலையைப் பறித்து எண்ணெயில் காய்ச்சிப் பார்த்துவிட்டு நம்மைத் திட்டுவார்கள்.

மரப்பாசிக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்து ‘ஷிப்ர்’ காத்திருக்கிறது. 1917-இல் கோட்டி கொண்டுவந்த செண்டால் பெயர் பெற்ற குடும்பம், அதிலும் இதே பாசிதான் அடியில். பிரெஞ்சில் அது சைப்ரஸ் தீவின் பெயர். தீவின் பெயரைத் தமிழில் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து