கல்லணைக் கணக்கும் லிங்கர் பிடிவாதமும்: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சாவூரிலிருந்து:
மாலையில் கல்லூரி மாணவர்களுக்குச் சி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவி கல்லணையில் நீர் பிரிவதைக் கணக்கிடும் புரோகிராம் எழுதியிருந்தாள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்குக்கும் தனித்தனி சி கோப்பு. நல்ல பிரிப்பு. கல்லூரி ஆய்வகத்துப் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது, வீட்டில் புது லேப்டாப்பில் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ (ஒரே பெயருக்குப் பல வரையறை) என்று லிங்கரில் நின்றுவிட்டது. தனித்தனியாகக் கம்பைல் ஆன கோப்புகளை ஒரே புரோகிராமாக இணைப்பதுதான் லிங்கர்.

“ஒரு எழுத்துகூட மாற்றவில்லை சார்” என்றாள். உண்மைதான், மாறியது கம்பைலர், அதாவது சி வரிகளைக் கணினி மொழியாக்கும் கருவி. எல்லாக் கோப்புக்கும் பொதுவான வரிகளை வைக்கும் ஹெடர் கோப்பில் ‘இன்ட் நீர்வரத்து;’ என்று வெறுமனே இருந்தது. அதை நான்கு கோப்பும் இன்க்ளூட் செய்ததால் நான்கிலும் ‘நீர்வரத்து’ என்று ஒரு மாறி. பழைய ஜிசிசி கம்பைலர் அவற்றை ஒன்றாக்கிவிட்டுப் பேசாமல் இருந்தது. 2020-ல் வந்த ஜிசிசி 10 முதல் அந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. கேட்டு வாங்க ஒரு ஆப்ஷன் உண்டு. அதை வேண்டுமென்றே சொல்லிக்கொடுக்கவில்லை.

“இன்க்ளூட் கார்டு போட்டிருக்கிறேனே?” எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரே சி கோப்புக்குள் ஹெடர் இருமுறை நுழைவதைத்தான் அது தடுக்கும். ஒவ்வொரு சி கோப்பும் தனியாகக் கம்பைல் ஆகிறது, பக்கத்துக் கோப்பின் சங்கதி அதற்குத் தெரியாது. ஹெடரில் ‘இது வேறிடத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் ‘எக்ஸ்டர்ன்’ சேர்த்து, அசல் வரியை மெயின் கோப்பில் மட்டும் வைத்ததும் தீர்ந்தது.

மன்னார்குடியிலிருந்து:
சார், என் தம்பியின் கணக்கும் தண்ணீர்தான். தடுப்பணை மேல் வழியும் நீரின் அளவு, உயரத்தின் ஒன்றரை அடுக்கைப் பொறுத்தது. அதற்கு அடுக்கைக் கணக்கிடும் ‘பவ்’ ஃபங்ஷன். எண்களை நேரடியாக எழுதிப் பார்த்தபோது ஓடியது. உயரத்தைப் பயனரிடம் ஸ்கேன்எஃப் வழியே வாங்கியதும், ‘பவ்’ எங்கே என்று தெரியவில்லை என லிங்கரின் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ பிழை. முதல் தடவை கம்பைலரே விடையைப் போட்டுவிட்டதால் கணித நூலகம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அந்த நூலகத்தை இணைக்கும் ‘எல்எம்’ ஆப்ஷனைக் கட்டளையின் கடைசியில் சேர்க்கச் சொன்னேன். அவன் கோப்புப் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டு மறுபடி அழைத்தான்! உபுண்டுவில் அது எடுபடாது.

மயிலாடுதுறையிலிருந்து:
இவையெல்லாம் பரவாயில்லை, லிங்கர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. எங்கள் அலுவலகத்தில் பயிர்ப் பரப்புகளைச் சேர்த்து வைக்கும், ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்சரின் நடுவில் ‘தாளடி’ என்று ஒரு புலம் சேர்த்தார்கள். எது மாறினால் எதைக் கம்பைல் செய்ய வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைலில் அந்த ஹெடரின் பெயரே இல்லை. திருத்திய கோப்பு மட்டும் புதிதாகக் கம்பைல் ஆனது, அறிக்கைக் கோப்பு பழையபடியே இணைந்தது. சம்பா பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் தாளடி பரப்பு அச்சானது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ‘மேக் கிளீன்’ கொடுத்துப் பழையதை அழித்து, எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தால் அன்றைக்குச் சரியாகும். ஜிசிசியின் ‘எம்எம்டி’ ஆப்ஷன் எந்தக் கோப்பு எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்று எழுதித் தருகிறது, அதை மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்துவிட்டோம்.