சுறா வயிற்றில் முட்டைக்கூடு: இது என்ன மீன்?

காட்பாடிக்காரி:
மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பால் ஊறட்டுமே என்று சுறாப் புட்டு செய்ய, ஞாயிற்றுக்கிழமை வேலூர் மார்க்கெட்டில் ஒரு சுறா வாங்கினேன். பால் சுறா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கழுவும்போது பார்த்தால், மூக்குக்குக் கீழே கெளுத்திக்கு இருப்பது போல இரண்டு குட்டை மீசை. இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதிக்கு மேல் வால்தான். வயிற்றைக் கீறினேன். பழுப்பு நிறத்தில், தோல் பர்ஸ் மாதிரி வழவழவென்று இரண்டு கூடு. ஒன்றைத் திறந்தால் உள்ளே மஞ்சள் கரு! "சுறா குட்டிதானே போடும்?" என்கிறார் மாமியார். அப்புறம் கத்தி ஓடவில்லை எனக்கு. இது சுறாதானா? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாமா?

ராணிப்பேட்டை வாத்தியார்:
சுறாவேதான் அம்மா. மூங்கில் சுறா என்பார்கள். வளர்ந்தாலே இரண்டரை அடிதான், ஆகவே உங்கள் கையில் இருந்தது முழுத்தாய். பால் சுறா குட்டி போடும். இது முட்டையிடும், பெரும்பாலும் ஒரு நேரத்தில் இரண்டு. வாயைப் பாருங்கள், கண்ணுக்கு முன்னாலேயே சின்னதாக இருக்கும். பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்துக் கிடந்து, ராத்திரியில் அந்த மீசையால் தடவித்தான் இறால், நண்டைக் கண்டுபிடிக்கும். மூச்சு விட நீந்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, படுத்தபடியே வாயால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

மகளுக்கு வேண்டாம். சுறா இறைச்சியில் பாதரசம் சேரும். பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய மீன்களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சுறாவைச் சேர்த்திருக்கிறது. நெத்திலி கொடுங்கள்.

பழவேற்காட்டு மகள், குடியாத்தம்:
அக்கா, எங்க அப்பா வலையை உதறும்போது மற்ற மீனெல்லாம் அடங்கின பிறகும் இது மட்டும் நெளிந்துகொண்டே கிடக்கும். மீசையைப் பார்த்ததுமே "முட்டை வெச்சிருக்கும், விடு" என்று தண்ணீரில் போட்டுவிடுவார். முட்டை பொரிக்கவே மாதக்கணக்கில் ஆகும். வெளியே வரும் குஞ்சு ஒரு சாண்கூட இருக்காது, உடம்பெல்லாம் பட்டை பட்டையாக அவ்வளவு அழகு. வளர வளரப் பட்டை மங்கிவிடும். இழுவை மடி வலை அடிமண்ணோடு வாரிக்கொண்டு போகிறது, தாயும் போகிறது, கூடும் போகிறது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

காட்பாடிக்காரி:
நன்றி சார், நன்றிம்மா. மகளுக்கு நெத்திலிக் குழம்பு வைத்துவிட்டேன். திறக்காத கூடு ஒன்று ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஐந்தாவது படிக்கிற பேத்தி பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்கிறாள். கெடாமல் வைக்க என்ன செய்யலாம் சார்?