உங்கள் பிறப்புப் பத்திரத்தில் 'இனம்' என்ன?

உறவுகளே, ஒரு உதவி வேண்டும். இலங்கைக் குடிசன மதிப்பீடு 1911இல் இருந்தே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணுகிறது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான, இந்தியத் தமிழர் எனப்பட்ட தேயிலைத் தோட்ட மக்கள் பின்னர் குடியுரிமை பெற்றும் அந்தப் பிரிப்பு போகவில்லை. எங்கள் வீட்டிலேயே அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்', தங்கையுடையதில் 'இலங்கைத் தமிழர்'. பதிவாளர் கேட்டு எழுதினாரா, தானாகவே போட்டாரா, யாருக்கும் நினைவில்லை.

1981இல் 5.5 சதவீதமாக இருந்த இந்தியத் தமிழர் 2012இல் 4.1 சதவீதம். ஆட்கள் இந்தியா போனது மட்டுமல்ல, இப்படி மாறிப் பதிந்ததும் ஒரு காரணம். இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

மலையகத்திலும் வன்னியிலும் இருப்பவர்கள் தாத்தா, அப்பா, உங்கள் பத்திரங்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். படம் போட்டால் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடுங்கள். மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தால், அப்புறம் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள்.