கோப்புறை திறக்க ஒரு நிமிடம்: ஆன்டிவைரஸ்தான் காரணமா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்பூட்டில் சிறிய போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது, ஐகான்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஐசியை (அடையாள அட்டையை) கையில் பிடித்தபடி, "என்ன தம்பி, மிஷின் தூங்குதா?" என்கிறார்.

அந்த நேரம் டாஸ்க் மேனேஜரில் ஆன்டிவைரஸ்தான் சிபியூவில் பாதியைத் தின்கிறது. நிகழ்நேரச் சோதனையை ஐந்து நிமிடம் நிறுத்தினேன், சட்டென்று திறந்தது. உள்ளே பழைய செட்டப் கோப்புகள் ஏராளம். ஐகானுக்காக விண்டோஸ் ஒவ்வொன்றையும் தொடும்போது ஆன்டிவைரஸும் அதைச் சோதிக்கிறது போல.

கோப்புறையையே ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில் போடலாம்தான். ஆனால் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அங்கேதான் வந்து விழுகிறது, பயமாக இருக்கிறது. செட்டப் கோப்புகளை மட்டும் வேறு கோப்புறைக்கு மாற்றினால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.