ஆராதனைப் பாடல்களை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: சபையில் பாடல் தேர்வை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பழைய பாடல்கள், இளைஞர்களுக்கு டிரம்ஸ். இரண்டையும் பாதிப் பாதி வைத்தால் சண்டை அடங்கும், சரி. ஆனால் அது சமரசம்தானே, கொள்கை இல்லையே? ஆராதனையில் இசை எதற்கு என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதில் 1: இது பழைய சண்டைதான். பாடலின் பொருளைவிட ராகம் தன்னை அதிகம் உருக்கினால் அது பாவம் என்று பழங்காலத் திருச்சபை ஆயர் அகஸ்டின் தவித்தார். ஆனாலும் சபையில் பாடுவதை ஆதரித்தார். ஸ்விங்லி, கால்வின், லூத்தர் மூவரும் 16ஆம் நூற்றாண்டில் திருச்சபையைச் சீர்திருத்தியவர்கள். ஸ்விங்லி நல்ல இசைக்கலைஞர். அவர்தான் சூரிச் ஆராதனையில் பாட்டையே நிறுத்தினார்! கால்வின் வாத்தியம் இல்லாமல் பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களைப் பாடவைத்தார். லூத்தரோ தானே பாடல் எழுதினார். எனக்கு லூத்தர் பக்கம்தான் சாய்வு.

பதில் 2: பைபிளில் கொலோசெயர் 3:16, பாட்டுகளால் 'ஒருவருக்கொருவர் போதித்து' என்கிறது. அப்படியானால் பாடுபவர்கள் சபையார்; மேடைக் குழு துணைக்கு மட்டும். அதனால் முதலில் சுருதியைப் பாருங்கள். பாடகருக்கு வசதியான உச்சத்தில் வைத்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் குரல் கேட்காவிட்டால், எந்தப் பாடலானாலும் வீண்.

அப்புறம், துக்கப் பாடல்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. நம் பட்டியலில் அப்படி ஒன்றாவது உண்டா?

கேள்வி கேட்டவர்: இல்லை. எல்லாமே கைதட்டல்தான். சுருதியை இந்த வாரமே இறக்கச் சொல்கிறேன். டிரம்ஸ்காரரிடம் யார் பேசுவது என்றுதான் தெரியவில்லை.